தோட்டாப் பைக்கு வாய்தான் முக்கியம்

வட யார்க்ஷயரில் நான் இருக்கும் கிராமத்தை ஒட்டி ஒரு சின்ன ஷூட்டிங் சிண்டிகேட் இருக்கிறது. சிலர் சேர்ந்து பணம் போட்டுக் குத்தகைக்கு எடுத்த காடும் வயலும்தான் அது. குளிர்காலச் சனிக்கிழமைகளில் அங்கே ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி மாதிரிப் பறவையின் வேட்டை. எனக்குத் துப்பாக்கியும் இல்லை, உரிமமும் இல்லை. கம்பும் கொடியும் பிடித்துக்கொண்டு புதருக்குள்ளிருந்து பறவைகளை எழுப்பிவிடும் கூட்டத்தில் நடப்பேன். தோல் வேலை என் பொழுதுபோக்கு என்று தெரிந்த பிறகு அவர்களுடைய வார், துப்பாக்கி உறை, நாய்ப் பட்டை எல்லாம் என் மேசைக்கு வர ஆரம்பித்தன. சீசன் முடிந்ததும் மூத்தவர் ஒருவர் தன் அப்பாவின் தோட்டாப் பையைக் கொண்டுவந்து வைத்தார். தோள்வார் அறுந்து, வாய் தொங்கிக் கிடந்தது. "சரிசெய்ய முடியுமா, இல்லை புதுசு வாங்கிவிடட்டுமா?" என்றார். மகளுக்கும் எப்படியும் ஒன்று வாங்க வேண்டும், அதனால் கடைக்குக் கூட வா என்றார்.

பழசைத் தேற்றலாமா என்று சொல்வதற்கு முன்னால், அந்தப் பை என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கே நடப்பது பறவைகளை விரட்டிச் சுடும் வேட்டை. சுடுபவர்கள் எட்டு ஒன்பது பேர், 'பெக்' என்று சொல்லும் எண் போட்டு நட்ட குச்சிகளின் பக்கத்தில் வரிசையாக நிற்பார்கள். நாங்கள் காட்டின் அந்தப் பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வருவோம். ரொம்ப நேரம் ஒன்றும் வராது. அப்புறம் கூட்டமாக எழும்பி எல்லாம் தலைக்கு மேல் போகும். இரட்டைக்குழல் என்பதால் இரண்டு வெடிதான். துப்பாக்கியைத் திறந்து, காலிக் கூடுகளை வெளியே தள்ளி, அடுத்த இரண்டைப் போட வேண்டும். ஜனவரிக் குளிரில், மழையில் நனைந்த கையுறையோடு, கண்ணை வானத்திலிருந்து எடுக்காமல் இதைச் செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் கோட்டுப் பையில் ஒரு கைப்பிடி தோட்டா போட்டுக்கொண்டு அதிலிருந்து எடுப்பார்கள். அது குறையும்போது தோட்டாப் பைக்குள் கை போகும். சுடும்போது பை காலடியில் தரையில் இருக்கும், இடம் மாறும்போதுதான் தோளில் ஏறும்.

ஆகவே பார்க்காமல் கையை விட்டால் மணிக்கட்டு வரை உள்ளே போக வேண்டும், அள்ளிக்கொண்டு தடங்கலில்லாமல் வெளியே வர வேண்டும். பையின் மூளையே வாய்தான். தோல் எவ்வளவு பளபளப்பு, பித்தளை எவ்வளவு கனம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

இது பழைய ஞானம்தான். எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இதில் பெயர் வாங்கியிருக்கிறார். தேர்ஸ்க் பக்கத்தில் தேர்க்கில்பி என்ற ஊரில் வாழ்ந்த சர் ரால்ஃப் பெய்ன்-கால்வே (1848–1916) வேட்டையைப் பற்றியும் குறுக்குவில்லைப் பற்றியும் நிறைய எழுதியவர். அவர் பெயரில் வழங்கும் தோட்டாப் பை இன்றும் விற்பனையில் இருக்கிறது. திறந்தால் வாய் அகன்று நிற்பதுதான் அதன் சிறப்பு.

கடைக்குப் போனபோது நான் கையுறையை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், பரவாயில்லை. முதலில் எடுத்துக் கொடுத்தது வெண்ணெய் மாதிரி மெத்தென்ற தோலில் செய்த பை. கையில் வாங்கினால் திருப்பிக் கொடுக்க மனசு வராது. தரையில் வைத்து மூடியைத் திறந்தேன். முன்பக்கத் தோல் அப்படியே உள்பக்கம் சாய்ந்து வாயை அடைத்துக்கொண்டது. கையுறைக் கையை விட்டால் மூடியின் ஓரம் மணிக்கட்டில் உட்கார்ந்தது. தோளில் மாட்டி ஊருக்குள் நடக்க அது நல்ல பை. அடுத்தது பச்சைக் கேன்வாஸ், தோல் விளிம்பு, விலையும் குறைவு. அதன் வாய் ஓரத்தில் கெட்டியான தோல் பட்டை வைத்துத் தைத்திருந்ததால் திறந்தால் திறந்தபடியே நின்றது. அழகுப் போட்டியில் தோற்கும், பெக்கில் ஜெயிக்கும்.

கொள்ளளவு விஷயத்தில் ஆட்கள் பொதுவாகப் பெரியதையே வாங்கப் பார்க்கிறார்கள். பைகள் 50, 75, 100, 150 என்று தோட்டாக் கணக்கில் விற்கப்படுகின்றன. ஒரு பெட்டியில் 25 தோட்டா என்பதால் கணக்கும் அப்படியே போகிறது. 28 அல்லது 30 கிராம் ரவை, அதாவது சிறு குண்டுகள், போட்ட ஒரு 12 போர் தோட்டா (போர் என்பது குழல் அகலத்தின் அளவு, எண் கூடினால் குழல் சிறுக்கும்) மொத்தமாக 40 கிராமுக்கு மேல் வரும். நூறு தோட்டா நாலு கிலோவைத் தாண்டிவிடும், 150 என்றால் ஆறு கிலோ. சேற்று வயலில், ஒரு தோளில், இன்னொரு கையில் துப்பாக்கியோடு அந்த ஆறு கிலோவைத் தூக்கிப் பார்த்தவர்கள் அடுத்த தடவை பாதியைக் காரிலேயே வைத்துவிட்டு வருவார்கள். பாதி நிரம்பிய பெரிய பையில் தோட்டாக்கள் அடியில் ஒரு மூலைக்கு ஓடிவிடும், கை தேடிக்கொண்டு அலையும். விரட்டி வேட்டைக்கு 75 அல்லது 100 போதும். நாயோடு நடந்துகொண்டே சுடுகிறவருக்கு 50 கூட அதிகம், இடுப்பில் தோட்டா பெல்ட் கட்டிக்கொள்ளலாம்.

தோள்வார் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தோல் வார் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இங்கே எல்லோரும் போடுவது மெழுகு பூசிய கோட்டு. அதன் மேல் வழுவழுப்பான தோல் வார் நிற்காது, நாலடிக்கு ஒருமுறை நழுவும். ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள பருத்தி நாடா வார் அப்படியே பிடித்துக்கொள்ளும், பாரமும் பரவும். அகலம் குறைந்த வார் எந்தப் பொருளில் செய்திருந்தாலும் வேண்டாம்.

மூத்தவர் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் தனக்கென்று ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டார். அப்பாவின் பையை முதலில் பார்த்துவிடலாம் என்றார். சரி என்று வேலையை ஆரம்பித்தேன்.

முதல் காரியம் பையைக் கவிழ்த்து உதறுவது. காய்ந்த மண், சிகரெட் அட்டைத் துண்டு, பழைய பெக் சீட்டு எல்லாம் விழுந்தன. பிறகு உள்துணிக்கும் அடித்தோலுக்கும் நடுவே ஏதோ உருண்டது. தையல் விட்ட இடத்தில் விரலை விட்டு எடுத்தால், மஞ்சள் நிறத்தில் ஒரு 20 போர் தோட்டா.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 20 போர் தோட்டாவை மஞ்சளில் செய்வது வழக்கமாகிப் போனதற்குக் காரணம் இருக்கிறது. அது 12 போர் துப்பாக்கிக்குள் விழுந்தால், தோட்டா உட்காரும் அறையைத் தாண்டி முன்னால் சரிந்து, அறை குறுகிக் குழலாகும் இடத்தில் விளிம்பு தட்டி நின்றுவிடும். விசையை அழுத்தினால் 'டிக்' என்ற சத்தம்தான் வரும், வெடிக்காது. சுடுபவர் தோட்டா போட மறந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, அவசரத்தில் பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போடுவார். அதைச் சுட்டால், முன்னால் ஒன்று அடைத்துக்கொண்டிருப்பதால் குழல் வெடிக்கும். குழலைப் பிடித்திருக்கும் இடது கை அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே இரண்டு அளவுத் துப்பாக்கி உள்ள வீட்டில் இரண்டு பை வேண்டும், ஒன்றையே மாற்றி மாற்றி உபயோகிக்கவே கூடாது. பைக்குள் தோட்டா ஒளிந்துகொள்ளும் மடிப்போ கிழிந்த உள்துணியோ இருக்கவும் கூடாது. அந்தத் தோட்டாவை மூத்தவரிடமே கொடுத்துவிட்டேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வருஷம் மகளுக்குப் பையை இரவல் கொடுத்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

இப்போது இதே மாதிரி இன்னொரு குழப்பமும் வந்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் பிரிட்டனின் வேட்டை அமைப்புகள் ஒன்றுசேர்ந்து, ஐந்து வருஷத்தில் ஈய ரவையை விட்டுவிடுவோம் என்று அறிவித்தன. அதிலிருந்து ஈயத்துக்குப் பதில் எஃகு ரவையும் வர, பலருடைய பையில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. வீரியம் கூடிய எஃகுத் தோட்டாக்களை அதற்கான சோதனையில் தேறி, ஃப்ளூர் டி லீ என்ற லில்லிப் பூ முத்திரை வாங்கிய துப்பாக்கியில்தான் சுடலாம். தாத்தா காலத்துத் துப்பாக்கியையும் புதியதையும் மாறி மாறி எடுப்பவர், ஒரே பையில் இரண்டையும் போட்டுக் குலுக்கக் கூடாது.

உதறி முடித்ததும் தோலைப் பரிசோதித்தேன். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. பூஞ்சையா, தோலுக்குள்ளிருந்து கொழுப்பு மேலே வந்து படிந்ததா என்று தெரிய முடி உலர்த்தியை எடுத்து மெல்லச் சூடு காட்டினால் போதும். கொழுப்பாக இருந்தால் உருகி உள்ளே போய்விடும், பூஞ்சை அப்படியே இருக்கும். மூடியில் இருந்தது உருகிப் போனது. பின்பக்கத்தில் இருந்தது போகவில்லை. அதை வெளியே எடுத்துப் போய் மென்மையான தூரிகையால் தட்டி, ஸ்பிரிட்டில் தொட்ட துணியால் துடைத்தேன்.

உடம்பு மாட்டுத்தோல், கெட்டி, வளைத்தால் வெடிக்கவில்லை. நல்ல மரப்பட்டைப் பதனீடு. பிரச்சினை வாயின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த மெல்லிய ஆட்டுத்தோலில். விரலால் தேய்த்தால் செங்கல் நிறப் பொடி உதிர்ந்தது. தோல்காரர்கள் இதைச் செவ்வழுகல் என்று சொல்லிப் பயப்படுவார்கள். காற்றிலிருக்கும் கந்தகப் புகையைக் குடித்து, அது உள்ளே அமிலமாகித் தோலின் நாரே சிதைந்துபோகிற நிலை அது. இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் மலிவு வேலைக்குப் போன மெல்லிய ஆட்டுத்தோலில் கணிசமானது மதராஸ் மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காய் கொடுத்துப் பதனிட்டுக் கப்பலேறியது. புத்தக அட்டைகள் இப்படிப் பொடிந்துபோவதைப் பார்த்து லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு 1901இல் கொடுத்த அறிக்கையில், இந்தியப் பட்டை கொடுத்த தோல் சீக்கிரம் கெடுகிறது, சுமாக் என்ற செடியின் இலையில் பதனிட்டது நிலைக்கிறது என்று சொன்னது. விளக்கு எரிக்கும் வாயுவின் புகையும் ஒரு காரணம் என்றது. திண்டுக்கல், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் எத்தனையோ பைகளுக்குள் இப்படி உதிர்ந்துகொண்டிருக்கும். செருப்புக்கோ கவலை ஏற்றத்துக்கோ அது நல்ல தோல்தான். நூற்றாண்டு நிற்கும் என்று யாரும் அதற்குச் சத்தியம் செய்து கொடுக்கவில்லையே.

பொடிந்த தோலில் தண்ணீர் பட்டால் கறுத்து இறுகிவிடும், திரும்ப வராது. அதனால் ஈரம் தொடாமல், தையலைப் பிரித்து அந்த ஆட்டுத்தோலை மொத்தமாகக் கழற்றிப் போட்டேன். உள்ளே முன்பக்க வாய்க்கு விறைப்புக் கொடுத்திருந்த பட்டை, பல குளிர்காலத்து மழையில் ஊறிக் காய்ந்து அட்டை மாதிரி நொறுங்கியிருந்தது. வாய் தொங்கியதற்கு அதுதான் காரணம்.

புதுப் பட்டைக்கு நாலு மில்லிமீட்டர் மாட்டுத்தோள் தோல் எடுத்தேன். வால்சாலில் பதப்படுத்தியது. குதிரைச் சேணத்துக்குப் பெயர்போன ஊர், அந்த ஊர்க் கால்பந்து அணிக்கே சேணக்காரர்கள் என்றுதான் செல்லப்பெயர். பட்டையின் இரண்டு நுனியையும் சாய்வாகச் சீவி மெலிதாக்கினேன். இல்லாவிட்டால் பக்க மடிப்பில் முட்டிக்கொண்டு நிற்கும். பட்டையை வாயின் வளைவுக்குத் தகுந்தபடி ஈரமாக்கி, வளைத்துக் கட்டி வைத்துக் காயவிட்டேன். காய்ந்ததும் அந்த வளைவு அதன் சொந்த வடிவமாகிவிட்டது. வெளிப்பக்க ஓரத்தைச் சீவிவிட்டு விளிம்பை மரக்கட்டையால் தேய்த்து மழுக்கினேன். கையுறை சிக்கும் இடமே விளிம்புதான், அங்கே கூர்மை இருக்கக் கூடாது.

தையலில் பழைய துளைகளையே பயன்படுத்த வேண்டும். பக்கத்தில் புதுத் துளை போட்டால் தோல் தபால்தலை விளிம்பாகிவிடும், ஒரு இழுப்பில் கிழியும். பதினெட்டு நம்பர் மூன்று இழை லினன் நூல், தேன்மெழுகு தடவியது, இரண்டு ஊசி. நூலின் நீளம் தையலின் நீளத்தைப் போல நாலு மடங்கு. மேலே ஒரு ஊசி, கீழே ஒரு ஊசி, ஒரே துளையில் எதிரெதிராகப் போய், ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு இழுப்பு. மெஷின் தையலில் ஒரு நூல் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். இதில் ஒரு கண்ணி தேய்ந்தாலும் பக்கத்துக் கண்ணி பிடித்துக்கொள்ளும். தரையில் தேயும் அடிமூலைகளில் இப்படித்தான் தைக்க வேண்டும். கடையில் புதுப் பை வாங்கும்போதும் நான் முதலில் தலைகீழாகப் பிடித்து மூலையைத்தான் பார்ப்பேன்.

ஆட்டுத்தோல் இருந்த இடத்தில் திரும்பவும் ஆட்டுத்தோல் ஒட்டவில்லை. உள்துணியையும் எடுத்துவிட்டேன். தோட்டா ஒளிய இடமே இல்லாமல் உடம்புத் தோலின் உள்பக்கத்தை மெழுகு தேய்த்து மழமழப்பாக்கி விட்டேன். பழைய உருவம் மாறிவிட்டதே என்று பழமைப் பற்றாளர்கள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். இது கண்ணாடிப் பெட்டிக்குள் போகிற பை இல்லை.

பக்கிளைச் சுற்றிப் பச்சையாக மெழுகு மாதிரி திரண்டிருந்தது. தோலுக்குப் போட்ட எண்ணெயின் கொழுப்பு பித்தளையிலுள்ள செம்போடு சேர்ந்து உண்டாவது அது. பல்குத்தும் குச்சியால் சுரண்டி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு எடுத்தேன். பித்தளை பாலிஷைத் தோல் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அதன் வெள்ளைப் பொடி தையல் துளையில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூடியைப் பிடிப்பது வாரின் துளையில் நுழையும் பித்தளைக் குமிழ். அது நன்றாகவே இருந்தது. குளிரில் மரத்த விரலாலும் கழற்ற முடிகிற ஒரே பூட்டு இதுதான், பக்கிள் போட்ட மூடியை வேட்டை நடுவில் யார் திறப்பது?

தோள்வாருக்கு, மூத்தவரின் முகச்சுளிப்பையும் மீறி, நாடா வார். நுனிகளில் மட்டும் தோல் வைத்து, சதுரமாகத் தைத்து, நடுவில் செம்பு ரிவெட் ஒன்று. பழைய வாரின் நீளத்தை அப்படியே எடுக்காமல் அவரை நிற்க வைத்து அளந்தேன். பை இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் கீழே, கை தானாக விழும் இடத்தில் தொங்க வேண்டும். ரொம்பக் கீழே போனால் நடக்கும்போது தொடையில் அடிக்கும்.

கடைசியாகத் தோலுக்குத் தைலம். மாட்டுக்கால் எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரே ஒரு மெல்லிய பூச்சு. ஓர் இரவு விட்டு, மேலே மெழுகும் கொழுப்பும் கலந்த தைலம். காய்ந்த தோலைப் பார்த்தால் ஊற்றத் தோன்றும். ஊற்றினால் தோல் தளர்ந்து, அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த விறைப்பு போய்விடும். தையல் நூலும் ஊறிக் கெடும்.

சோதனைக்கு அரிசி. நாலரைக் கிலோவை நிறுத்துத் துணிப்பையில் கட்டி உள்ளே போட்டு, கதவுக் கொக்கியில் இரவெல்லாம் தொங்கவிட்டேன். காலையில் வார் நுனித் தையல் துளைகள் நீண்டிருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், இல்லை. தரையில் வைத்து மூடியைப் பின்னால் தள்ளினால் வாய் திறந்தே நின்றது. கையுறை போட்டு, கண்ணை மூடிக்கொண்டு அரிசியை அள்ளிப் பார்த்தேன். மணிக்கட்டில் ஒன்றும் உரசவில்லை.

ஃபெசன்ட் சீசன் அக்டோபர் 1இல் திறந்து பிப்ரவரி 1இல் மூடுகிறது. திறந்த முதல் வேட்டையிலேயே மழை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூத்தவர் பையை லேண்ட் ரோவரின் ஹீட்டர் வாய்க்கு நேரே வைத்திருந்தார். எடுத்து நிழலில் தொங்கவிட்டேன். நனைந்த தோலைச் சூட்டில் காயவைத்தால் சுருங்கி வெடிக்கும். ஒன்றிரண்டு நாளானாலும் காற்றில்தான் காய வேண்டும். இன்னொன்றும் சொல்லி அனுப்பினேன். வீட்டுக்குப் போனதும் மிச்சத் தோட்டாவை அட்டைப்பெட்டிக்கு மாற்றிப் பூட்டு அலமாரியில் வைத்துவிட வேண்டும். தோலிலிருக்கும் அமிலமும் ஈரமும் தோட்டாவின் உலோக அடியை அரிக்கும். பச்சை பிடித்து வீங்கிய தோட்டா அறைக்குள் சிக்கினால் அன்றைய வேட்டை அவ்வளவுதான்.

மூடியில் ஒரு விரிசல் இருக்கிறது, அதை நான் தொடவில்லை. அடியில் மெல்லிய தோல் வைத்து ஒட்டினால் கொஞ்ச காலம் ஓடும், ஆனால் மடிகிற இடம் என்பதால் ஒட்டின ஓரத்தில் புது விரிசல் விழும். முழுதாகக் கிழியும்போது மூடியையே மாற்றிக்கொள்ளலாம்.

மகள் கடைக்குத் தனியாகப் போய் அந்தப் பச்சைக் கேன்வாஸ் பையையே வாங்கிக்கொண்டார், 75 அளவு. அதன் குமிழுக்குப் பக்கத்தில் மஞ்சள் தோலில் ஒரு பட்டை வைத்துத் தைத்துத் தரச் சொன்னார். 20 போர் பை எது என்று இருட்டிலும் கைக்குத் தெரிய வேண்டுமாம். தோலை வெட்டி வைத்திருக்கிறேன். அதற்கு மேடு பள்ளமாகத் தடித்த நூலில் தைப்பதாகத் திட்டம்.